கலைவரலாற்றுக் கட்டுரையும் அதன் வடிவும்

ஆராய்ச்சிக் கட்டுரையின் அடிக்குறிப்பு, படவிளக்கம், அளவு, எண் என்பவற்றை வெறுஞ் சடங்குகளெனக் கருதுவோர் நம்மிடையே உளர். கருத்துச் சிறந்ததாயின் வடிவம் எவ்வாறிருப்பினும் இழுக்கில்லை என்பது அவர் துணிபு. கலைவரலாற்றுக்கு இக்கூற்று ஒருசிறிதும் பொருந்தாது. செய்யுளை ஆராய்வோன் அச்செய்யுளையே தாளில் எழுதிக் காட்டிவிடலாம். சிற்பத்தை ஆராய்வோன் அதனைப் பெயர்த்துக் கொணர்ந்து படிப்போன் முன் வைத்தல் இயலாது. எழுதுவோன் தரும் படமும் அளவும் வருணனையுமே படிப்போனுக்குக் கண்களாகின்றன. இவ்வுண்மைக்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரஞ் செல்லவேண்டுவதில்லை.

கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டது 1877ஆம் ஆண்டில். அதே ஆண்டிற் கொழும்பிலே பிறந்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. அவர் முதலிற் கற்றது கலையன்று, நிலவியல். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுக்குத் தலைமை தாங்கினார். எடுத்த இடமும் இயல்பும் குறிக்கப்படாத கல், நிலவியலாளனுக்கு வெறுங்கல்லே. அப்பயிற்சி அவருடைய கலையாராய்ச்சிக்கும் உரமாயிற்று எனல் மிகையாகாது. 1908இல் வெளிவந்த, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 425 படிகளே அச்சிடப்பட்டது. வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலே, ஆசிரியரின் நேர்ப்பார்வையில், ஏறத்தாழப் பதினைந்து திங்கள் அவ்வேலை நடந்தது. அச்சையும் ஆராய்ச்சியின் ஒரு கூறாகவே அவர் மதித்தார் என்பது இதனாற் புலனாம்.

அக்காலத்திலேயே, 1907, 1908ஆம் ஆண்டுகளில், பொலனறுவைச் சிவாலயங்களிலிருந்து சைவ வெண்கலப் படிமங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அகழ்வை நடத்தியவர் எச். சி. பி. பெல். அப்படிமங்கள் கொழும்பு நூதனசாலையைச் சேர்ந்தன. சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவற்றைச் சைவ வழிபாட்டோடும் தத்துவத்தோடும் இயைத்து விளக்கினார். அவருடைய மைத்துனராகிய குமாரசுவாமி, 1914இல் நூதனசாலை வெளியீடாக வந்த நூலிலே இலங்கை வெண்கலங்களைத் தொகுத்து ஆராய்ந்தார். படிமங்களைக் காணாதாரும் அவை பற்றி ஆராய்தற்கு இவ்வெளியீடுகள் வழி திறந்தன.

வடிவமே வாதமாக அமைந்த கட்டுரையொன்றும் உண்டு. புத்தர் திருவுருவம் கிரேக்கச் சார்புடைய காந்தாரச் சிற்பிகளால் முதன்முதல் அமைக்கப்பட்டதென அல்பிரெட் பூஷே கூறிவந்தார். அதனை மறுத்து, 1927இல் ‘ஆட் புலெற்றின்’ என்னும் அமெரிக்கக் கலைவரலாற்று ஏட்டிற் குமாரசுவாமி எழுதினார். மதுரா நகரத்துப் பழைய இயக்கர் சிலைகளின் மரபிலிருந்தே புத்தருருவம் தோன்றலாயிற்று என்பது அவர் கொள்கை. அதனை நிறுவச் சொல்வன்மை போதாது. இயக்கர் சிலையும் புத்தர் சிலையும் அடுத்தடுத்து, எண்ணிட்டு, இடமுங் காலமுங் குறித்து நிற்றல் வேண்டும். அவ்வாறு நின்றமையாலேயே, அவரோடு உடன்படாதாரும் அக்கட்டுரையை ஒதுக்க இயலாதவராயினர். மறுப்போனுக்கும் வழி விட்டு எழுதப்படுவதே ஆராய்ச்சி.

இனி, கட்டுரை எழுத முற்படும் மாணவர் கைக்கொள்ளத்தக்க சில முறைகளை நோக்குவாம்.

முதலாவது, கண்டதை முன்னும் கருதியதைப் பின்னும் கூறுதல். அடியார் படிமமொன்றைக் கண்டவுடன் ‘இது அப்பர்’ என எழுதுதல் முறையன்று. தலை, கை, உடை, கையிலுள்ள பொருள் ஆகியவற்றை முதற்கண் வருணித்தல் வேண்டும். உழவாரம் இருப்பின் அப்பர் என்றும், ஏடு இருப்பின் மாணிக்கவாசகர் என்றும் பின்னர்த் துணியலாம். துணிபு தவறினும் வருணனை நிலைக்கும்.

இரண்டாவது, வலம் இடம் என்னுஞ் சொற்களை வரையறுத்தல். வலக்கை என்பது படிமத்தின் வலக்கையேயன்றிப் பார்ப்போனின் வலப்பக்கத்துக் கையன்று. அச்சிலே படம் புரண்டுவிடாமலுங் காத்தல் வேண்டும். நடராசர் வலக்காலை ஊன்றி இடக்காலைத் தூக்கி ஆடுபவர். மதுரை வெள்ளியம்பலத்திலோ கால் மாறி ஆடுகின்றார். படம் புரளுமாயின் தில்லைக் கூத்தன் வெள்ளியம்பலத்துக் கூத்தனாகிவிடுவான். அச்சுப் பிழையொன்று புதியதொரு தலபுராணத்தையே தோற்றுவித்துவிடும்!

மூன்றாவது, படத்தின் கீழ் எழுதும் குறிப்பு. பொருளின் பெயர், செய்பொருள், உயரம், கண்டெடுத்த இடம், இப்போதுள்ள இடம், காலம் என்னும் ஆறும் ஒரே ஒழுங்கில் வருதல் நன்று. காலம் ஊகமாயின் ஊகமென்றே குறிக்க. கல்வெட்டிலுள்ள சக ஆண்டோடு 78 கூட்டிக் கிறித்து ஆண்டைப் பெறும்போது, மூல ஆண்டையும் உடன் தருக.

நான்காவது, பிறர் கூற்றை எடுத்தாளுமிடத்து அவர் பெயர், நூல், பதிப்பாண்டு, பக்கம் என்பவற்றைத் தவறாது குறித்தல். பெற்ற கடனை ஒப்புக்கொள்ளும் அறம் இது. பின்வருவோர் மூலத்தைத் தாமே சென்று காண்பதற்கு வழியும் இதுவே.

இவையெல்லாம் மிகையான நுணுக்கங்களெனத் தோன்றலாம். தமிழ்நாட்டிலே ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவாடப்பட்ட நடராசர் திருவுருவத்தை 2008இல் அவுஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் விலைகொடுத்து வாங்கியது. 2014இல் அத்திருவுருவம் இந்தியாவுக்கு மீண்டது. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நிழற்படங்கள் அவ்வழக்கில் முதன்மையான சான்றாய் நின்றன. படம் மட்டும் இருந்து, எக்கோயிலில் எடுத்ததென்னுங் குறிப்பு இல்லாதிருப்பின் அது சான்றாகியிராது. ஒரு வரிக் குறிப்பு ஓர் ஊருக்கு அதன் கடவுளை மீட்டுத் தரவல்லது.

கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையிலே, அருணாசலத்தின் தந்தையார் பொன்னம்பல முதலியார் 1857இல் நிறுவிய பொன்னம்பலவாணேசர் கோயில் இருக்கின்றது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைக் கருங்கற் கோயிலாகப் புதுக்கினார். நாள்தோறும் அதன் தூண்களைக் கடந்து செல்லும் மாணவர் பலர். அவற்றுள் ஒரு தூணையேனும் அளந்து, படமெடுத்து, அதிலுள்ள உருவங்களை மேலிருந்து கீழாக வருணித்து எழுதுவாராயின், அஃது அழகு பற்றிய நூறு புகழுரைகளினும் நீடு நிலைக்கும். இத்தீவிலே நூல்நிலையங்கள் எரிந்ததை நாம் அறிவோம். 1981இல் யாழ்ப்பாணம் இழந்த ஏடுகள் மீளவில்லை. கல்லும் அழியக்கூடியதே. முறையாக எழுதப்பட்ட குறிப்பு பல படிகளாகப் பல ஊர்களில் வாழும். அதனை எழுதிவைத்தல் கற்றார் கடன்.