கவசத்துள் ஒரு மங்கை

1986-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு நின்டெண்டோ நிறுவனத்தார் ‘மெட்ராய்டு’ என்னும் வீடியோ விளையாட்டை வெளியிட்டனர். வேற்றுக் கோளொன்றின் சுரங்கங்களில் புகுந்து, கொடிய உயிர்களோடு பொருது முன்னேறும் வீரனின் கதை அது. வீரன் என்றே பலரும் எண்ணினர். உடல் முழுதும் கவசம். உடன் வழங்கிய ஆங்கில விளக்க நூலும் ஆண்பாலிலேயே சுட்டிற்று. குறித்த காலத்துக்குள் ஆட்டத்தை முடித்தோர் இறுதியில் திகைத்தனர். கவசம் நீங்கிற்று; உள்ளே நின்றவள் சாமுஸ் ஆரன் என்னும் மங்கை!

மாணவச் செல்வங்களே, இத்திகைப்பு எங்கிருந்து பிறந்தது? அவள் ஓடினாள், தாவினாள், சுட்டாள். அவற்றுள் ஒன்றேனும் பெண்ணுக்கு ஆகாதது என ஆடியோர்க்குத் தோன்றவில்லை. ஆயினும் தலைமை பெண்ணுடையதாயிருக்கலாம் என்ற நினைவே அவர்களுக்கு எழவில்லை. எழுவதெப்படி? 1981-இல் வந்த ‘டாங்கி காங்’ ஆட்டத்தில் பெண்ணுக்குக் கிடைத்த பணி, குரங்கின் பிடியில் நின்று உதவி கோருவதே. மறு ஆண்டின் ‘மிஸ் பேக்-மேன்’ ஒரு விலக்கு எனலாம். அவளுக்கும் தனிப்பெயர் இல்லை. முன்னவன் பெயரே, தலையில் ஒரு சிவப்பு ரிப்பனுடன்!

ஒன்றைச் சொல்லாது விட மனமில்லை. ‘மெட்ராய்டு’ ஆட்டத்தை இன்னும் விரைந்து முடித்தோர்க்குச் சாமுஸை உடை குறைந்த கோலத்தில் பரிசெனக் காட்டினர். தலைமையைத் தந்த கையே அதனைச் சற்றுப் பறித்தும் கொண்டது.

பத்தாண்டு கழிந்து, 1996-இல், இங்கிலாந்தின் டார்பி நகரில் ‘டூம் ரைடர்’ உருவாயிற்று. முதலில் ஆணாகக் கருதப்பட்ட தலைவன், பின்னர் லாரா கிராப்ட் என்னும் பெண்ணானான். ஆட்டம் இலட்சக்கணக்கில் விற்றது. இம்முறை எவரும் இறுதிவரை காத்திருக்க வேண்டியதில்லை. பெட்டியின் அட்டையிலேயே அவள் நின்றாள்.