பெயர்ப் பட்டியலில் இல்லாதவர்

ஈப்போ வட்டாரத் தோட்டத் திடல்களில் ஆடி வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு இவ்வரலாறு.

சேலம் மாவட்டம், சின்னப்பம்பட்டியில் பிறந்தவர் நடராஜன். தந்தை நெசவுத் தொழிலாளி. தாய் சாலையோரத்தில் கடை வைத்திருந்தார். டென்னிஸ் பந்தில் பழகிய அவர் 2015இல் தமிழக அணிக்கு ஆடினார். பந்து வீசும் முறை விதிக்கு ஒவ்வாது என்ற ஐயம் எழவே, வாய்ப்பு நின்றது. அவர் ஒதுங்கிவிடவில்லை; கையசைவைத் திருத்திக்கொண்டார். 2017இல் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது.

2020 ஆஸ்திரேலியப் பயணத்துக்கும் முதலில் தேர்வானது பயிற்சிக்குப் பந்து வீசும் துணையாளராகவே. மற்றவர்கள் காயமுற்றதால் டிசம்பர் 2இல் ஒருநாள் ஆட்டம், 4இல் இருபது ஓவர், 2021 ஜனவரி 15இல் பிரிஸ்பேன் டெஸ்ட் எனக் களம் கண்டார். ஒரே பயணத்தில் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். 2023இல் சொந்த ஊரில் மைதானமும் அமைத்தார்.

பெற்றோர்களே, குழுவில் பெயர் வராத பிள்ளையின் குறையைத் திருத்த வழிகாட்டுங்கள், திடலைவிட்டு அழைத்துவந்துவிடாதீர்கள்.