குளிர் தாங்கும் தைல மரங்கள்

யூக்கலிப்டஸ் பேரினத்தில், உறைபனி விழும் இடங்களிலும் பட்டுப்போகாமல் வளரும் இனங்களைக் குளிர் தாங்கும் தைல மரங்கள் என்பர். தமிழர் வாழும் ஊர்களில் இம்மரத்துக்குப் பெயர்கள் பல: தமிழகச் சமவெளியில் தைல மரம், நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கற்பூர மரம், இலங்கை மலையகத் தோட்டங்களில் டர்பன்டைன். மலேசியாவின் மெர்போக், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத் தமிழருக்கு மரத்தைவிட அதன் எண்ணெயே பழக்கம். ஆனால் கைக்குழந்தைக்கு வயிறு உப்பினால் தோட்டத்துப் பாட்டிமார் தடவும் காயு பூத்தே எண்ணெய் இம்மரத்தினுடையது அன்று. அது கடலோரச் சதுப்பில் வளரும் கெலாம் மரத்து இலையிலிருந்து வடிப்பது. கெலாமும் தைல மரமும் ஒரே குடும்பத்தவை. கொய்யா, நாவல், கிராம்பு, ஜம்பு ஆகியவையும் அக்குடும்பமே.

பேரினமும் வகைப்பாடும்

இப்பேரினத்தில் 700க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஏறத்தாழ எல்லாம் ஆஸ்திரேலியாவையும் டாஸ்மேனியாவையும் தாயகமாகக் கொண்டவை; நியூகினி, சுலாவெசி, திமோர், மிண்டனாவோ பகுதிகளில் மிகச் சில. காப்டன் குக்கின் மூன்றாம் பயணத்தில் கியூ தோட்டத்தின் சார்பில் சென்ற டேவிட் நெல்சன், 1777இல் டாஸ்மேனியாவை ஒட்டிய புரூனித் தீவில் ஒரு கிளையைப் பறித்து லண்டனுக்குக் கொண்டுவந்தார். அந்த உலர்ந்த கிளையை வைத்துப் பிரெஞ்சுத் தாவரவியலார் லெரித்தியே 1788இல் பேரினத்துக்குப் பெயரிட்டார். மரத்தை அவர் உயிரோடு பார்த்ததில்லை.

அவர் கண்ணில் பட்டது மொட்டு. இதன் பூவுக்கு விரிந்த இதழ் கிடையாது. மொட்டின்மேல் ஒரு சிறு மூடி இறுக மூடியிருக்கும். மலரும்போது மூடி கழன்று விழ, உள்ளே சுருண்டிருந்த மகரந்தத் தாள்கள் வெண்குஞ்சம்போல் நிமிரும். ஊட்டிச் சாலையோரம் கற்பூர மரத்தடியில் குனிந்தால் இம்மூடிகளைக் கை நிறையப் பொறுக்கலாம். சாம்பல் பூத்து, முண்டும் முடிச்சுமாக, நகத்தால் கீறினாலே மணக்கும். இனம் பிரிக்க இம்மூடியின் வடிவமும் காயின் வாயமைப்புமே நெடுங்காலம் அளவுகோல்களாக இருந்தன. இலையை நம்ப முடியாது. இளமரத்து இலை வெள்ளி பூசியதுபோல் வட்டமாக, காம்பின்றித் தண்டைக் கட்டிக்கொண்டிருக்கும். முதிர்ந்ததும் அதே மரத்தில் அரிவாள்போல் நீண்ட பச்சை இலைகள் தொங்கும். இரண்டையும் தனித்தனியே கண்டவர் ஒரே மரம் என்று சொல்லமாட்டார்.

நீலகிரியில் காணும் யூக்கலிப்டஸ் குளோபுலஸ் இனத்தை, பிரெஞ்சுக் கப்பற்படைப் பயணம் ஒன்றில் 1792இல் டாஸ்மேனியா சென்ற லபிலார்தியே 1800இல் விவரித்தார். எலுமிச்சை மணம் கொண்ட இனம் உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்டவற்றை 1995இல் கோரிம்பியா என்று தனிப் பேரினமாகப் பிரித்தனர். பிரித்தது சரியே. ஆயினும் நாற்றங்கால்களில் பழைய பெயரே இன்னும் நிற்கிறது.

நீலகிரிக்கு வந்த வகை

இந்தியாவில் இம்மரம் முதன்முதலாக மைசூர்ப் பகுதியின் நந்தி மலையில், திப்பு சுல்தானின் தோட்டத்தில் 1790 வாக்கில் நடப்பட்டது என்று நூல்கள் கூறும். தமிழ் மண்ணுக்கு அது வந்தது 1843இல். சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த காப்டன் பிரடெரிக் காட்டன் உதகையில் அதை நட்டார். காவிரியிலும் கோதாவரியிலும் அணை கட்டிய ஆர்தர் காட்டனின் தம்பி இவர். அண்ணன் பெயர் தஞ்சை உழவர் வாயில் நின்றது. தம்பி கொணர்ந்த மரம் ஒரு மலையின் தோற்றத்தையே மாற்றியும் அவர் பெயர் மறைந்தது.

மரத்தை வேண்டியது அழகுக்காக அன்று, விறகுக்காக. உதகையில் வெள்ளையர் குடியிருப்பும், 1852 முதல் ஜக்கதளாவில் எழுந்த வெலிங்டன் படைமுகாமும் சோலைக் காடுகளை விறகாக எரித்துத் தீர்த்துக்கொண்டிருந்தன. சோலை மரம் மெல்ல வளர்வது. வெட்டினால் மீள ஒரு தலைமுறை ஆகும். கற்பூர மரமோ வெட்டிய அடியிலிருந்தே துளிர்த்துப் பத்தாண்டில் மீண்டும் வெட்டுக்கு வரும். 1856 முதல் முறையாகத் தோட்டங்கள் போடப்பட்டன. 1863இல் உதகையின் அரம்பிப் பகுதியில் பெருந்தோட்டம் எழுந்தது. பின்னர் தேயிலைத் தொழிற்சாலைகளின் உலைகளும் இவ்விறகையே நம்பின. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழ் தேவைப்பட, புல்வெளிகளும் தோட்டங்களாயின.

தோட்டங்களுக்கு அவசியமாயிருந்தது வேகம். நீலகிரியின் குளிர் டாஸ்மேனியக் குளிருக்கு நெருக்கமாக இருந்ததால் குளோபுலஸ் வென்றது. ஆனால் புல்வெளியை இம்மரத் தோட்டமாக மாற்றினால் நீர்வரத்து குறையும். உதகையின் மண், நீர்வள ஆராய்ச்சி மையம் கிளென்மார்கனில் அளந்தபோது, முதல் பத்தாண்டுச் சுழற்சியில் 16 விழுக்காடும், வெட்டித் துளிர்த்த இரண்டாம் சுழற்சியில் ஏறத்தாழ 25 விழுக்காடும் நீர்வரத்து குறைந்திருந்தது. ஆகவே நீரை உறிஞ்சும் மரம் என்ற மக்களின் குற்றச்சாட்டு, புல்மலைகளைப் பொறுத்தவரை, மெய்யே. இப்போது அரசு அயல்மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்டு வருகிறது.

குளிரும் பனியும்

குளிர் தாங்கும் மரம் என்றால் எந்தக் குளிரை என்று கேட்டாக வேண்டும். நீலகிரியில் ஐப்பசியில் நீர்ப்பனி தொடங்கும். மார்கழி, தையில் உறைபனி. தலைகுந்தாவிலும் காந்தலிலும் விடிகாலையில் தாழ்நிலப் புல் வெளுத்துக் கிடக்க, சற்று மேலே சரிவில் புல் பச்சையாகவே இருக்கும். குளிர்காற்று எடை மிகுந்து பள்ளத்தில் தேங்குவதே காரணம். ஆகவே ஒரே ஊரில் பள்ளத்து நாற்று கருகும்; மேட்டு நாற்று பிழைக்கும். உதகைத் தாவரவியல் பூங்காவில் இந்நாட்களில் அலங்காரச் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடியைக் கொண்டு மூடி வைப்பதும், விடியலில் நீர் தெளிப்பதும் வழக்கம். வளர்ந்த கற்பூர மரத்துக்கு இந்தக் காவல் வேண்டியதில்லை. நாற்றுக்கு முதல் இரண்டு குளிர்காலங்களில் வேண்டும்.

இலையில் எண்ணெய் இருப்பதால் மரம் குளிரைத் தாங்குகிறது என்பர் சிலர். அது தவறு. பகல் குறைந்து குளிர் படிப்படியாக ஏறும்போது இலையின் உயிரணுக்கள் தம்மைப் பதப்படுத்திக்கொள்கின்றன. இந்தப் பழக்கம் ஏறுமுன் ஒரே இரவில் திடீர்க் குளிர் வந்தால், பெயர்பெற்ற இனமும் கருகும். மழைக்காலம் முடியும் நேரத்தில் யூரியா போட்டு வளர்த்த நாற்றுகள் இளந்தளிராகப் பருத்து நிற்பதால் முதலில் சாகின்றன.

தேர்ந்தெடுத்தல்

குளோபுலஸ் மைனஸ் 5, 6 டிகிரி வரையே தாங்கும். 50 மீட்டரைத் தாண்டி வளரும் மரம். வீட்டுத் தோட்டத்துக்கு ஆகாது. நைட்டென்ஸ் மைனஸ் 10 அளவுக்குத் தாங்குவதால் சிலியின் தென்பகுதியில் தோட்டப் பயிராயிற்று. டாஸ்மேனியாவின் நடுமேட்டுக்குரிய கன்னி என்னும் இனம் மைனஸ் 12 முதல் 15 வரை பொறுக்கும். ஐரோப்பியத் தோட்டங்களில் அதிகம் விற்பது அதுவே. ஆண்டுதோறும் அடியோடு வெட்டினால் வட்ட இலைப் புதராகவே நிற்கும். பூங்கொத்துக் கடைக்கு அந்த இலை போகும். இம்மரத்தின் பட்டையைக் கீறினால் இனிப்பு நீர் வடியும். டாஸ்மேனியப் பழங்குடியினர் அதைப் பனங்கள்போல் புளிக்கவைத்துக் குடித்தனர். எல்லாவற்றிலும் உறுதி மிக்கது பௌசிஃப்ளோரா என்னும் இனத்தின் நிபோஃபிலா துணையினம். ஆஸ்திரேலிய ஆல்ப்ஸில் மரம் வளரும் எல்லை வரை பனிக்குள் நிற்பது. மைனஸ் 15க்கும் கீழே தாங்கும், வளர்ச்சி மெதுவானது, வெள்ளையும் சாம்பலும் பச்சையும் கலந்த பட்டை. இடம் குறைவான குளிர்நாட்டு வீட்டுக்கு இதைத்தான் நட வேண்டும்.

ஆனால் இனப்பெயரை மட்டும் பார்த்து வாங்குவது பயனற்றது. விதை எந்த உயரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதே முடிவு செய்கிறது. கடலோரத்தில் சேகரித்த பௌசிஃப்ளோரா விதை, மலையுச்சியில் எடுத்த கன்னி விதையைவிடக் குளிருக்கு அஞ்சும். விற்பவர் விதையின் ஊரைச் சொல்லாவிட்டால் வாங்காமல் இருப்பது நல்லது. முழங்கால் உயரத்துக்குக் குறைந்த நாற்றே போதும். பெரிய தொட்டியில் நாளாக இருந்ததன் வேர் சுருண்டுகொண்டு, பின்னாளில் காற்றில் சாயும். ஊன்றுகோல் கட்டாமல் விட்டால் அடிமரம் தானே தடிக்கும். பள்ளத்தைத் தவிர்த்துச் சரிவில் நடவேண்டும். கட்டடத்திலிருந்து மரத்தின் முழு உயரத்துக்குக் குறையாத தொலைவு விடவேண்டும்.

மலேசியாவிலும் மெர்போக்கிலும்

தீபகற்ப மலேசியாவில் உறைபனி இல்லை. மெர்போக் கடல்மட்டத்தை ஒட்டியது. அதன் பின்னே நிற்கும் ஜெராய் மலை 1,217 மீட்டர், உதகையின் உயரத்தில் பாதிதான். அதன் உச்சியிலும் குளிர்ச்சி உண்டு, பனி விழாது. இங்கே கன்னியோ நிபோஃபிலாவோ நட்டால் குளிரால் அன்று, புழுக்கத்தாலும் ஈர மண்ணின் வேரழுகலாலும் சாகும். வெப்ப மண்டலத்துக்கு உரியவை வானவில் பட்டை கொண்ட டெக்ளுப்டாவும் பெல்லிட்டாவும். சபாவில் 1970களில் டெக்ளுப்டா பயிரிடப்பட்டது. அக்கேசியா தோட்டங்களை வாடல் நோய் அழித்த பின் அங்குப் பெல்லிட்டா பரவியுள்ளது. இரண்டும் மிக உயர்ந்து வளர்பவை. மெர்போக்கில் வீட்டு வாசலில் மணமுள்ள மரம் வேண்டுவோருக்கு நாட்டுக் கெலாமே ஏற்றது.