நீலகிரியில் கொயினா மரம்

மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நமக்கு, மழைக்காலம் என்றால் குளிர்காய்ச்சலின் அச்சமும் உடன்வரும். பம்பாயின் மலேரியாவைப் பற்றி டாக்டர் பென்ட்லி 1911-ல் வெளியிட்ட அறிக்கை, வீட்டுக் கிணறுகளிலே கொசு பெருகுவதை எடுத்துக்காட்டிற்று. அந்நாளில் இந்நோய்க்குத் தக்க மருந்து கொயினாவே. அம்மருந்தின் வரலாற்றில் நமது நீலகிரிக்கும் பங்கு உண்டு.

கொயினா தரும் சின்கோனா மரம் தென்னமெரிக்க ஆண்டிஸ் மலைக்கு உரியது. 1860-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் குழுவினர் அதன் விதைகளையும் நாற்றுகளையும் திரட்டினர். உதகமண்டலத்துத் தோட்ட அதிகாரி மக்ஐவர் அவ்வினத்தைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிராக்கினார். அத்தோட்டங்களில் உழைத்தவருள் சீனக் கைதிகளும் இருந்தனர்.

மரம் தழைத்தது, ஆனால் பட்டையில் சத்து எவ்வளவு? மக்ஐவர் பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, அவ்விடத்தைப் பாசியால் மூடினார். மீண்டும் வளர்ந்த பட்டையிலே சத்து மிகுந்தது. எனினும் நீலகிரியில் செழித்த செம்பட்டை மரத்தில் கொயினா நூற்றுக்கு ஓரிரு பங்கே. அதனோடு பிறந்த வேறு சத்துக்களே மிகுதி. 1866-ல் நியமிக்கப்பெற்ற சென்னை மருத்துவக் குழு அவற்றையும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. அவையும் காய்ச்சலைத் தணித்தன. ஏழைக்கு எட்டும் மருந்துக்கு அதனால் வழி பிறந்தது.

டச்சுக்காரர் வேறு வழி சென்றனர். மானுவேல் இன்க்ரா மமானி என்னும் ஆண்டிஸ் மலைவாசி பொலிவியாவில் திரட்டிய விதைகளை, சார்லஸ் லெட்ஜர் 1865-ல் லண்டனுக்கு அனுப்பினார். ஆங்கில அரசு அவற்றை வாங்க மறுத்தது. டச்சு அரசு ஒரு பகுதியை வாங்கிற்று. ஜாவாவில் மரத்துக்கு மரம் பட்டையைச் சோதித்து, சிறந்தவற்றையே பெருக்கி, செம்பட்டை மரத்தின் வேரில் ஒட்டுக்கட்டினர். அவற்றுள் சிலவற்றில் கொயினா நூற்றுக்குப் பத்துப் பங்கையும் கடந்தது. உலகச் சந்தை ஜாவாவின் கைக்குச் சென்றது.

உலகம் ஒரே தீவை நம்பியதன் விலை 1942-ல் தெரிந்தது. ஜாவா ஜப்பானியர் வசமானதும் எங்கும் கொயினாப் பஞ்சம். சத்துக் குறைந்ததெனத் தள்ளப்பட்ட நம் மலைத் தோட்டங்களின் பட்டைக்கும் அப்போது மதிப்பு வந்தது.

பின்னர்ச் செயற்கை மருந்துகள் பரவின. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. ஆனைமலையில் வால்பாறைக்கு அருகே 'சின்கோனா' என்ற ஊர்ப்பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. சத்து மிக்க ஒன்றைத் தேடிக் கண்டது ஜாவாவின் திறமை. இருப்பதைக் கொண்டே எளியோர் நோய் தீர்க்க முயன்றது சென்னையின் கருணை. இரண்டும் வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்குக் கூறும் செய்தி.