குளிர்காலமும் ஏழையின் கணப்பும்
இங்கிலாந்தின் சமூக வரலாற்றில் ஒரு நோக்கு

வரலாறு எழுதுவோர் மன்னர்களையும் அவர்தம் போர்களையும் ஆராய்ந்த அளவுக்கு, மக்கள் தம் வீடுகளில் எவ்வாறு குளிர்காய்ந்தனர் என்பதை ஆராய்ந்தாரல்லர். ஹந்தானை மலைச்சாரலின் மார்கழிப் பனியையே கடுங்குளிர் எனக் கருதும் நமக்கு இஃது ஒரு குறைபாடாகத் தோன்றாதிருத்தல் இயல்பே. ஆனால், ஆண்டில் ஐந்தாறு மாதங்கள் வீட்டினுள்ளே நெருப்பின்றி வாழ்தல் அரிதான இங்கிலாந்து போன்ற நாட்டிலே, எரிபொருள் உணவுக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படவேண்டிய தேவையாகும். அதன் விலை உயர்ந்த காலங்களில் வறிய குடும்பங்கள் யாது செய்தன? அவ்விலை ஏன் உயர்ந்தது? குளிர் எல்லார்க்கும் பொதுவாயினும், குளிரால் வருந்துவோர் யாவர் என்பதை நிர்ணயித்தவை எரிபொருளின் மீதான உரிமையும், அதன் விலையும், வீட்டின் அமைப்புமே என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மத்திய காலத்து ஆங்கிலேயரின் வீடு பெரும்பாலும் ஒரே கூடமாக அமைந்திருந்தது. கூடத்தின் நடுவே தரையில் விறகு எரியும். புகை கூரையின் இடைவெளிகளினூடாக வெளியேறும். பதினாறாம் நூற்றாண்டிலேயே புகைபோக்கி பரவலாயிற்று. எசெக்ஸ் பகுதியிற் குருவாகப் பணியாற்றிய வில்லியம் ஹரிசன், 1577ஆம் ஆண்டு வெளிவந்த தமது இங்கிலாந்து பற்றிய வருணனை நூலில், தம் ஊர் முதியோர் தங்கள் வாழ்நாளிற் கண்ட பெரிய மாற்றங்களுள் ஒன்றாகப் புகைபோக்கிகளின் பெருக்கத்தைக் கூறினர் எனக் குறித்துள்ளார். இம்மாற்றத்திற்கு மற்றொரு காரணமும் துணைநின்றது. நகரங்கள் வளர விறகின் விலை ஏறியது. விறகை வாங்க இயலாத இலண்டன் மக்கள், வடகிழக்கே நியூகாசில் துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்த நிலக்கரியை நாடினர். நிலக்கரியின் புகையோ விறகுப்புகை போலத் தாங்கக்கூடியதன்று. அதற்குப் புகைபோக்கி இன்றியமையாததாயிற்று.

இவ்வாறு ஒரு பெருநகரின் வெப்பம் ஒரே துறைமுகத்தையும் ஒரே கடல்வழியையும் சார்ந்திருக்க நேர்ந்தது. இதன் விளைவு உள்நாட்டுப் போரின்போது வெளிப்பட்டது. நியூகாசில் மன்னர் சார்பினர் வசமிருந்தமையால், 1643ஆம் ஆண்டு பாராளுமன்றம் அத்துறைமுகத்துடனான வாணிகத்தைத் தடைசெய்தது. எதிரியின் வருவாயை ஒடுக்குதற்கெனச் செய்யப்பட்ட இவ்வேற்பாட்டினால் இலண்டன் மக்களே நிலக்கரியின்றித் தவித்தனர். நகரைச் சூழ்ந்த பகுதிகளில் மரங்களை வெட்டி எரிக்கப் பாராளுமன்றமே அனுமதிக்கவேண்டியதாயிற்று. 1644 ஒக்டோபரில் ஸ்கொத்லாந்துப் படையினர் நியூகாசிலைக் கைப்பற்றிய பின்னரே நிலைமை சீரடையத் தொடங்கியது. செல்வர் முன்கூட்டியே வாங்கிச் சேமிக்க வல்லவராயிருந்தனர். அன்றன்றைக்குக் கூடையளவில் வாங்கிய கூலியாளருக்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை. கோடையில் மொத்தமாக வாங்குபவன் குறைந்த விலையும், குளிர்காலத்திற் சில்லறையாக வாங்குபவன் கூடிய விலையும் கொடுத்தல் சந்தையின் நியதி. வறியவன் ஒரே அளவான வெப்பத்துக்குச் செல்வனைவிட அதிக விலை கொடுத்தான் என்பது நாம் மனங்கொள்ள வேண்டியதொன்றாகும்.

அரசும் இவ்வெப்பத்தின்மீது கைவைக்கத் தவறவில்லை. 1662ஆம் ஆண்டு, இரண்டாம் சாள்ஸ் மன்னரின் ஆட்சியில், அடுப்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு சிலிங் வீதம் ‘அடுப்பு வரி’ விதிக்கப்பட்டது. ஆண்டில் இருமுறை பாதி பாதியாக அறவிடப்பட்ட இவ்வரிக்காக அலுவலர் வீட்டினுட் புகுந்து அடுப்புகளை எண்ணினர். வரிக்கு அஞ்சிச் சிலர் தம் அடுப்புகளைச் செங்கல் வைத்து அடைத்ததும் உண்டு. மிக வறியோருக்கு விலக்கு அளிக்கப்பட்டதாயினும், அதிகாரிகள் மனைக்குள் நுழைந்தமை மக்களின் வெறுப்பை வளர்த்தது. 1688ஆம் ஆண்டின் புரட்சிக்குப் பின் ஆட்சிக்கு வந்த வில்லியமும் மேரியும் 1689இல் இவ்வரியை நீக்கினர்.

மக்கள் வெறுத்த இவ்வரியின் ஏடுகள் இன்று வரலாற்றாசிரியனுக்கு அரிய சான்றாகியுள்ளன. ஒல்லாந்தர் எழுதிவைத்த தோம்புகள் யாழ்ப்பாணத்தின் நிலவுரிமையையும் குடும்பங்களையும் நமக்குக் காட்டுவது போலவே, இவ்வேடுகள் அக்காலத்து ஊர்களின் ஏற்றத்தாழ்வைக் காட்டுகின்றன. மாளிகையொன்றில் இருபது, முப்பது அடுப்புகள் எரிய, அதே ஊரின் குடிசைகளிற் பெரும்பாலானவை ஓர் அடுப்பையே கொண்டிருந்தன. அவ்வோரடுப்பே சமையலுக்கும் வெளிச்சத்துக்கும் குளிர்காய்வதற்கும் உரியது. 1666ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பின்னர் இலண்டனை மீளக் கட்டியெழுப்ப, நகருக்குக் கப்பலில் வந்த நிலக்கரிமீது வரி விதிக்கப்பட்டமையும் இங்கு நோக்கற்பாலது. கிறிஸ்தோபர் ரென் அமைத்த சென் போல்ஸ் பேராலயமும் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆலயங்களும் எழுந்தது இவ்வரியின் துணையினாலேயே. அப்பேராலயத்தின் மாடக்குவிமாடத்தை வியந்து நோக்குவோர், நிலக்கரி வாங்கிய ஒவ்வொரு குடும்பத்தின் பங்கும் அதில் உண்டு என்பதை நினைப்பது அரிது.

எரிபொருள் அரிதாகியபோது மக்கள் கையாண்ட முறைகள் ஓர் அடிப்படைக் கொள்கையைக் கொண்டிருந்தன. வீட்டைச் சூடாக்க இயலாவிடின், உடலைச் சூடாக்குக என்பதே அது. முதுகுப்புறம் உயர்ந்த மரவிருக்கைகள் கதவினூடே வரும் குளிர்காற்றைத் தடுத்தன. கட்டிலைச் சுற்றித் தொங்கிய தடித்த திரைகள் வீட்டுக்குள் ஒரு சிறு வீட்டை அமைத்தன. தணல் நிரப்பிய மூடிய பித்தளைத் தட்டினாற் படுக்கையைச் சூடாக்கினர். அஃதில்லாதோர் சுட்ட செங்கல்லைத் துணியிற் சுற்றிக் காலடியில் வைத்தனர். கம்பளிக் குல்லாய் அணிந்து, பலர் ஒரே படுக்கையிற் கிடந்து, குடும்பம் முழுவதும் ஒரே அறையில் இரவைக் கழித்தனர். பலர் ஒரே படுக்கையைப் பகிர்ந்தமைக்கு வறுமை மட்டுமன்றி, வெப்பத்தைக் காக்கும் நோக்கமும் காரணமாகும். இம்முறைகளின் பயன் பெரிது. ஆயினும் அவற்றுக்கும் எல்லையுண்டு. இங்கிலாந்தின் மத்திய பகுதிக்கு 1659 முதல் தொகுக்கப்பட்டுள்ள வெப்பநிலைப் பதிவுகளில் மிகக் குளிர்ந்த மாதம் 1795ஆம் ஆண்டு சனவரியாகும். அம்மாதத்தின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு மூன்று பாகை கீழே இருந்தது. நோர்போக் பகுதியில் வசதியாக வாழ்ந்த ஜேம்ஸ் வூட்போர்ட் என்னும் குருவின் நாட்குறிப்பே, அம்மாதத்தில் மாடியறைகளிலிருந்த கலங்களிலும் நீர் உறைந்ததைக் கூறுகிறது. குருவின் மனையே இவ்வாறாயின் குடிசையின் நிலையை ஊகித்தறியலாம்.

அவ்வாண்டின் துன்பத்துக்குக் குளிர் மட்டும் காரணமன்று. அதற்கு முந்திய பல தலைமுறைகளாகக் கிராமத்து ஏழைகள் பொதுநிலங்களிற் சுள்ளி பொறுக்கவும், முட்செடிகளை வெட்டவும், சதுப்பு நிலத்து மண்கட்டிகளை அறுத்து உலர்த்தி எரிக்கவும் வழக்குரிமை பெற்றிருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பாராளுமன்றச் சட்டங்கள் வாயிலாக இப்பொதுநிலங்கள் வேலியிடப்பட்டுத் தனியுடைமையாயின. சில சட்டங்கள் ஏழைகளின் எரிபொருளுக்கென ஒரு சிறு நிலத்துண்டை ஒதுக்கின என்பது உண்மையே. எனினும், தன் உழைப்பினாற் பெற்றதைக் காசு கொடுத்து வாங்கும் நிலைக்குப் பெரும்பாலோர் தள்ளப்பட்டனர். 1795இல் டேவிட் டேவிஸ் வெளியிட்ட விவசாயத் தொழிலாளர் பற்றிய நூலும், 1797இல் பிரெடரிக் மோட்டன் ஈடன் வெளியிட்ட ஏழைகளின் நிலை பற்றிய நூலும் இத்தொழிலாளரின் வீட்டுச் செலவுகளை வரிசைப்படுத்துகின்றன. அவற்றில் எரிபொருட் செலவும் இடம்பெறுகின்றது.

ஈடனின் நூலிலிருந்து பெறப்படும் ஓர் உண்மை சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. நிலக்கரிச் சுரங்கங்கள் அண்மையிலிருந்த வடபகுதி மக்கள் கூழும் சூடான இரசவகைகளும் காய்ச்சி உண்டனர். எரிபொருள் அரிதான தென்பகுதித் தொழிலாளியோ கடையில் வாங்கிய ரொட்டியையே பெரும்பாலும் நம்பி வாழ்ந்தான். நெருப்பின் விலை உணவின் தன்மையையும் நிர்ணயித்தது. தென்பகுதி ஏழையைச் சிக்கனமறியாதவன் எனக் குறைகூறியோர், காய்ச்சுவதற்கு அவனிடம் நெருப்பு இருந்ததா எனக் கேட்டாரல்லர். 1795 மே மாதத்திலே பேர்க்ஷயர் நீதவான்கள் ஸ்பீன்ஹம்லாந்திற் கூடி வகுத்த புகழ்பெற்ற உதவித் திட்டமும் ரொட்டியின் விலையையே அளவுகோலாகக் கொண்டது. எரிபொருளின் விலை அதில் இடம்பெறவில்லை.

அறிவியலும் இத்துறையில் தன் பங்கைச் செலுத்தியது. றம்போட் பிரபு எனப் பெயர்பெற்ற பெஞ்சமின் தொம்சன், திறந்த கணப்பிலெழும் வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணாவதை எடுத்துக்காட்டி, 1796இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். புகைபோக்கியின் தொண்டையை ஒடுக்குதல், கணப்பின் ஆழத்தைக் குறைத்தல், பக்கச் சுவர்களைச் சாய்வாக அமைத்து வெப்பத்தை அறைக்குள் திருப்புதல் என்பன அவர் கூறிய திருத்தங்களாகும். குறைந்த செலவில் நிறைந்த பயன் தருவதாயினும் இத்திருத்தத்தை வாடகைக் குடிசையில் வாழ்ந்தவன் செய்வித்தல் எளிதன்று. சுவர் உடைமையாளனுக்குரியது, குளிர் குடியிருப்பவனுக்குரியது. இம்முரண்பாடு இன்றுவரை தீர்ந்ததாகக் கூறவியலாது.

இருபதாம் நூற்றாண்டிலும் பிரச்சினை தன் உருவை மாற்றியதே தவிர மறையவில்லை. 1947 சனவரி 1ஆம் திகதி நிலக்கரிச் சுரங்கங்கள் அரசுடைமையாயின. அம்மாத இறுதியில் தொடங்கிய கடும் பனிப்பொழிவு மார்ச் வரை நீடித்தது. புகையிரதப் பாதைகள் பனியில் மூடுண்டன. மின்நிலையங்களில் கரி தீர்ந்தது. பெப்ரவரியிற் பல பகுதிகளின் வீடுகளுக்குப் பகலில் ஐந்து மணிநேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டது. தாய்மார் குழந்தைகளின் தள்ளுவண்டிகளுடன் கரிக்காக வரிசையில் நின்றனர். ஐந்தாண்டுகளின் பின், நல்ல நிலக்கரி ஏற்றுமதிக்கு ஒதுக்கப்பட, தூள் கலந்த மலிவுக் கரி வீட்டாருக்குப் பங்கீட்டுக் கட்டுப்பாடின்றி விற்கப்பட்டது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனை மூடிய புகைமூட்டத்தில் அடுப்புக்கரியின் புகையும் கலந்திருந்தது. ஏறக்குறைய 4,000 பேர் மாண்டனர் என அன்று கணிக்கப்பட்டது. பிற்கால ஆய்வுகள் 12,000 வரை கூறுகின்றன. இதன் விளைவாகவே 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. குளிருக்கு அஞ்சி மூட்டிய நெருப்பே உயிர்களைக் குடித்தமை இந்நூற்றாண்டின் பெருந்துயரங்களுள் ஒன்றாகும்.

பின்னர் வடகடலின் இயற்கை வாயு குழாய் வழியே வீடுகளை அடைந்தது. கரி சுமக்கும் தொல்லை ஒழிந்ததாயினும் விலையின் தொல்லை ஒழியவில்லை. 1991இல் பிரெண்டா போட்மன் தமது நூலில் ‘எரிபொருள் வறுமை’ என்னும் கருத்தை விரிவாக ஆராய்ந்து, வருமானத்தில் பத்திலொரு பங்குக்கு மேற் செலவிட்டாலன்றிப் போதிய வெப்பம் பெறவியலாத குடும்பத்தை அவ்வறுமையுட்பட்டதாகக் கொண்டார். முற்பணம் செலுத்தும் மானிகள் வாயிலாக வாயுவும் மின்சாரமும் பெற்ற வறியோர் நீண்டகாலம் ஏனையோரைவிட மிகுந்த கட்டணமே செலுத்தினர். பதினேழாம் நூற்றாண்டிற் கூடையளவில் கரி வாங்கியவனின் நிலையை இஃது நினைவூட்டுகின்றது. 2022இல் வாயுவின் விலை பன்மடங்கு உயர்ந்தபோது, வீட்டைச் சூடாக்க இயலாதோர் பகற்பொழுதைக் கழிப்பதற்கென நூலகங்களும் ஆலயங்களும் சூடான கூடங்களைத் திறந்துவைத்தன. 1980களின் பின் அந்நாட்டிற் குடியேறிய நம்மவரும் இவ்வனுபவத்துக்குப் புறம்பானவரல்லர்.

இதுகாறும் கூறியவற்றுக்கு ஒரு தடை எழுப்பப்படலாம். குளிர் மிகுந்தால் மரணம் மிகுதல் இயற்கையன்றோ என்பதே அது. 1997இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று இதற்கு விடை தருகின்றது. வெப்பநிலை ஒரு பாகை குறையும்போது ஏற்படும் மரண அதிகரிப்பு, கடுங்குளிர் நாடான பின்லாந்தின் தென்பகுதியிலும் பார்க்க மிதமான குளிருடைய ஏதென்ஸ் நகரில் மிக அதிகமாயிருந்தது. மிதமான குளிர் நிலவும் இடங்களில் வீடுகள் போதிய வெப்பமின்றியும், மக்கள் வெளியே செல்கையிற் போதிய ஆடையின்றியும் இருந்தமை அவ்வாய்விற் காணப்பட்டது. குளிரை எதிர்பார்த்துக் கட்டப்பட்ட வீடு காக்கிறது. எதிர்பாராது கட்டப்பட்டது கைவிடுகிறது.

ஆகவே, பருவகாலம் இயற்கையின் பாற்பட்டதாயினும், அதன் துன்பம் பகிரப்படும் முறை மனிதரால் வகுக்கப்படுவதே எனலாம். வேலியிடப்பட்ட பொதுநிலமும், தடைசெய்யப்பட்ட துறைமுகமும், திருத்தப்படாத சுவரும், முற்பண மானியும் யாவும் மனிதர் எடுத்த முடிவுகளே. மனிதர் எடுத்த முடிவுகளை மனிதரே மாற்றவும் இயலும். அடுப்பு வரி நீங்கியதும் தூய காற்றுச் சட்டம் பிறந்ததும் அதற்குச் சான்று. சமூக வரலாறு பயிலும் மாணவர், ஓர் ஆட்சியின் தகைமையை மதிப்பிடும்போது அதன் மாளிகைகளை மட்டுமன்றி, அதன் கடைக்கோடிக் குடிசையில் மாசி மாதத்து இரவிலே நெருப்பு எரிந்ததா என்பதையும் வினவுவாராக.