பெரட்டுக்களத்திலிருந்து ஃப்ரீ ஃபயர் வரை: காதால் வந்த ஆங்கிலம்

கேம் விளையாடிப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று சில பெற்றோர் எங்களிடம் குறைப்படுகிறார்கள். "இங்கிலீஷாவது வருதே சேர்" என்று ஆறுதல்படுபவர்களும் இருக்கிறார்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் கதைப்போம்.

காதால் வரும் ஆங்கிலம் நம் தோட்டங்களுக்குப் புதிதல்ல. பலாங்கொடையானாலும் எட்டியாந்தோட்டையானாலும், துரைமாரின் 'பரேட்' நம் வாயில் 'பெரட்டு' ஆனது. 'கண்டக்டர்' கண்டாக்கு ஆனார். 'ஸ்டோர்' இஸ்டோர் ஆனது. யாரும் வகுப்பில் இருந்து படிக்கவில்லை. விடியப் பெரட்டுக்குப் போனால்தான் அன்றைய பேர் விழும். அதனால் சொல் மறக்கவில்லை.

ஆனால் 'செக்ரோல்' என்று சொல்லத் தெரிந்த பலருக்கு, அதில் தம் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியவில்லை. சொல் வந்தது, எழுத்து வரவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1977இல்தான்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வாட்ஸ்அப் பாடத்துக்காகப் பல லயங்களுக்குள் போன் வந்தது. பின்னாலேயே ஃப்ரீ ஃபயரும் பப்ஜியும் வந்தன. 'எனிமி', 'ரீலோட்', 'ஹெல்த்' எல்லாம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ரீலோட் பண்ணாவிட்டால் தோற்பான்; அதுதான் அவனுக்குப் பாடம். பெரட்டு என்ற சொல் பதிந்ததும் இப்படித்தான். அதே 'எனிமி'யைக் கொப்பியில் எழுதச் சொன்னால் பலர் திணறுகிறார்கள்.

விளையாட்டையும் எழுத்தையும் சேர்த்துக் காட்டியவர்கள் எங்களைப் போல ஆசிரியர் பயிற்சியில் இருந்த மூன்று இளைஞர்கள். 1971இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டான் ராவிட்ச், பில் ஹைன்மன், பால் டிலன்பர்கர் ஆகியோர் வரலாற்றுப் பாடத்துக்காக 'ஒரிகன் ட்ரெயில்' என்ற கணினி விளையாட்டைச் செய்தார்கள். அதில் படம் இல்லை. டெலிடைப் இயந்திரம் கடதாசியில் அச்சடிப்பதை வாசித்துப் பதிலைத் தட்ட வேண்டும். வேட்டையில் சுடுவதற்கும் 'பேங்' என்று எழுத்தெழுத்தாக விரைவாகத் தட்ட வேண்டும். வாசிக்காதவன் விளையாடவே முடியாது.

இன்றைய கேமில் விரல் தொட்டால் போதும், வாசிக்கத் தேவையில்லை. அந்தக் குறையை வீட்டில் நாம்தான் நிரப்ப வேண்டும்.

பெற்றோரே, நேரம் குறித்துப் போனைக் கொடுங்கள். விளையாடி முடிந்ததும் அன்று கேட்ட ஐந்து சொற்களை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்: ஆங்கிலத்தில் ஒருமுறை, பக்கத்தில் தமிழ்க் கருத்து. உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஐந்து இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். திருத்துவது எங்கள் வேலை.

சாதாரண தர வினாத்தாளைக் கண்ணால் வாசித்துத்தான் எழுத வேண்டும். நாளை சம்பளத் துண்டையும் அப்படித்தான்.