அத்தையின் மூன்று பிள்ளைகள்



போன வாரம் நம் வம்சாவளியை ஒரு பெரிய தாளில் வரைய உட்கார்ந்தேன். அத்தை பெயருக்குக் கீழே வந்ததும் கை நின்றுவிட்டது. அவர் தன் தாய்மாமனையே கட்டிக்கொண்டவர். 1960-களில் அடுத்தடுத்து மூன்று பிள்ளைகள். ஒன்றுகூட முதல் பிறந்தநாளைக் காணவில்லை. ஓயாத சளி, பேதி, வாயெல்லாம் வெண்புண். செய்வினை என்றார்கள். பிறகு, "அவ வயிறு ராசியில்ல" என்றார்கள். அத்தை கடைசிவரை அதை நம்பினார்.

அதற்கு முன்பே, 1952-இல், அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் ஆக்டன் புரூட்டன் என்ற மருத்துவர் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் ரத்தத்தைச் சோதித்திருந்தார். நிமோனியா திரும்பத் திரும்ப வந்த பையன். கிருமியை எதிர்க்கும் காமா குளோபுலின் அவன் ரத்தத்தில் இல்லை. என்னோடு ராஜகிரி ஏறியவர்களுக்குப் புரியும்படி சொன்னால், மதில் உண்டு, அகழி உண்டு, வெடிமருந்துக் கிடங்கு காலி. மாதாமாதம் அதை ஊசியில் கொடுத்தார். பையன் தேறினான்.

கிடங்கு ஏன் காலி என்று தெரிய 41 ஆண்டுகள் ஆயின. எக்ஸ் குரோமோசோமில் ஒரு மரபணு பழுது என்று 1993-இல் கண்டுபிடித்தார்கள். அதற்குப் புரூட்டன் பெயரையே வைத்தார்கள். அவரும் அப்போது உயிரோடிருந்தார். பிளாஸ்டிக் கூட்டுக்குள்ளேயே வளர்ந்து 1984-இல் பன்னிரண்டு வயதில் இறந்த டேவிட் வெட்டரின் நோய்க்கான மரபணுவும் அதே 1993-இல்தான் தெரிந்தது. அவன் அண்ணனும் கைக்குழந்தையாகவே போனவன்.

இவை இரண்டும் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைத் தாக்குபவை. இன்று இப்படி 400-க்கும் மேற்பட்ட மரபணுக்களை அறிந்திருக்கிறார்கள். பலவற்றில் தாய், தந்தை இருவரிடமும் ஒரே பழுது ஒவ்வொன்று இருக்க வேண்டும். அவர்களுக்கு ஒரு நோயும் இருக்காது. ஆனால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டினால் இருவரும் ஒரே பழுதைச் சுமக்க வாய்ப்பு கூடும். தாய்மாமன் முறையில் பெருமைப்படும் நம் வீடுகளுக்கு இது கசக்கும். எனக்கும் கசந்தது.

அத்தை பிள்ளைகளுக்கு இதுதான் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆதாரம் இல்லாமல் எழுதினால் மதிப்பெண் இல்லை என்று உங்களிடம் சொன்னவன் நான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிறந்ததும் போடும் பி.சி.ஜி., 1948 முதல் நம் கிண்டியிலேயே தயாரான தடுப்பூசி, உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தது. மற்ற பிள்ளைகளுக்கு அது காவல், தவறாமல் போடுங்கள். எதிர்ப்புச் சக்தியே இல்லாத பிள்ளைக்கு மட்டும் அதுவே நோயாகும். வீட்டில் முன்பு கைக்குழந்தைகள் இறந்திருந்தால், ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். மறைக்காதீர்கள். சீக்கிரம் தெரிந்தால் எலும்பு மஜ்ஜை மாற்றிப் பிழைக்க வைக்க முடிகிறது. 2021-இன் தேசிய அரிய நோய்கள் கொள்கையில் இதற்கு அரசு உதவியும் உண்டு.

தாளில் அத்தைக்குக் கீழே மூன்று வட்டம் போட்டிருக்கிறேன். மூத்தவன் பெயர் மட்டும் ஞாபகம் இருக்கிறது. மற்ற இரண்டு பெயரும் தெரிந்த உறவினர்கள் கீழே எழுதுங்கள்.